மருதாயி வழக்கும் இரண்டு பேப்பர்களும்

ஆமத்தூர்,
9.2.2003

அன்புள்ள செழியன் மச்சானுக்கு,

மாமன் மகள் வேல்விழி எழுதுவது. இங்கே நான் முழுச் சுகம், அய்யா முக்கால் சுகம். மீதிக் கால் சுகம் வலது முழங்காலில் கட்டோடு இருக்கிறது. அங்கே பட்டாள முகாமில் குளிர் எப்படி? உங்கள் இருமல் நின்றதா?

முழங்கால் கதையை அத்தை யாரையாவது விட்டு உங்களுக்கு எழுதச் சொல்லியிருப்பார்கள். என் பங்குக்கும் சொல்கிறேன். உங்கள் அண்ணன் செல்வக்குமார் ஓட்டிய பட்டாசுக் கம்பெனி வேன் போன மாதம் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கைத் தாண்டி ஓடைக்குள் சாய்ந்துவிட்டது. வேலைக்குப் போன யாருக்கும் பெரிய அடியில்லை. முன் சீட்டில் இருந்த அய்யாவுக்குக் கால் பிசகியது, அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் வந்ததுதான் வினை. காலைப் பேப்பர் ‘டிரைவரின் அசுர வேகம், வேன் கவிழ்ந்தது’ என்று போட்டது. மாலைப் பேப்பர் ‘முன் சீட்டுப் பயணியின் அரட்டையால் விபரீதம்’ என்று போட்டது. அய்யா டீக்கடையில் படிப்பது காலைப் பேப்பர். அத்தைக்கு உங்கள் அண்ணன் வாங்கி வந்து வாசித்துக் காட்டியது மாலைப் பேப்பர்.

“எம் மகனைப் பத்தி அண்ணன்தான் பேப்பர்க்காரன்ட்ட சொல்லியிருக்காரு” என்கிறார்கள் அத்தை. “என்னைய வாயாடின்னு ஊரறியப் போட வச்சுட்டாக. இனிமே அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்” என்கிறார் அய்யா. தை பிறந்ததும் நம் கல்யாணப் பேச்சை எடுப்பதாக இருந்தார்கள். அது அப்படியே நிற்கிறது.

போனில் பேசலாம் என்றால் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடை பூத்தில் நான் பேசுவதைவிடக் கடையில் நிற்பவர்கள் கேட்பது அதிகம். அதனால் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ‘மருதாயி வழக்கு’, அறுபது வருடத்துக்கு முந்திய நாவல். எங்கள் சிவகாசி அச்சகத்தில் இப்போது மறுபதிப்பு போட்டோம். கட்டிங் மிஷினில் பிளேடு அதிகம் இறங்கிப் பக்க எண்கள் பறிபோன பிரதிகளை பைண்டிங் பிரிவில் எங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்கு அஞ்சல் வழிப் படிப்பில் இந்த வருடம் தருக்கவியல் தாள் இருக்கிறது. தப்பான வாதங்களுக்கென்றே தனிப் பாடம். நீங்கள் நாவலுக்கு மதிப்புரை எழுதுங்கள், நான் திருத்தி மார்க் போடுகிறேன். நாவலைப் பற்றி எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

வேளைக்குச் சாப்பிடவும். பட்டாளத்துச் சமையல்காரரிடம் இதைச் சொல்வது அதிகம்தான்.

வேல்விழி

முகாம்,
2.3.2003

அன்புள்ள வேல்விழிக்கு,

செழியனின் விசாரிப்புகள். இருமல் போய்விட்டது, குளிர் போகவில்லை. மாமாவின் காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறீர்களா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், சும்மா தேய்த்துவிடு.

புத்தகத்தை அடுப்படியில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். மதிப்புரை இதோ. கொழுந்தனின் வைக்கோல் படப்பு எரிகிறது. மருதாயிதான் வைத்தாள் என்று ஊர் சொல்கிறது. கோர்ட்டில் அவள் வாயே திறக்கவில்லை. செய்யாதவள் எதற்குப் பேசாமல் நிற்க வேண்டும்? போதாததற்கு அன்றைக்கு இருட்டில் கையில் கொள்ளிக்கட்டையோடு படப்புப் பக்கம் போனாள் என்று ஆசிரியரே எழுதுகிறார். என் தீர்ப்பு, அவள்தான்.

குறைகள் இரண்டு. மழை வருமா வராதா என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அதற்குள் எனக்குப் பருப்பு தீய்ந்துவிட்டது. இன்னோர் இடத்தில் வாக்கியம் குடிசையில் தொடங்கிக் கோர்ட்டில் முடிகிறது. ஆசிரியருக்குத் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. மற்றபடி நல்ல எழுத்து. கொழுந்தன் பேசும்போதெல்லாம் எங்கள் சுபேதார் பேசுவது போலவே காதில் விழுகிறது.

மார்க் போடும்போது கை தாராளமாக இருக்கட்டும்.

செழியன்

ஆமத்தூர்,
21.3.2003

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எண்ணெய் தேய்த்தாயிற்று. “யாரு சொல்லித் தேய்க்கிறே?” என்று அய்யா கேட்டார். பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து. பேசாமல் இருந்ததால் குற்றவாளி என்கிறீர்கள். அதற்கு என் பாடத்தில் தனிப் பெயரே இருக்கிறது, மௌனத்தைச் சாட்சியாக்கும் பிழை. போன கடிதத்தில் நீங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் முறைப்படி பார்த்தால் அதற்கு நான் என்ன அர்த்தம் எடுக்க?

கொள்ளிக்கட்டை எங்கிருந்து வந்தது மச்சான்? நாவலில் வரும் ஜில்லாப் பத்திரிகைதான் அவளைக் ‘கொள்ளிக்காரி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறது. பிறகு மன்னிப்பை மருந்து விளம்பரத்துக்குக் கீழே கடுகு எழுத்தில் போடுகிறது. நாவலிலேயே சிறந்த அத்தியாயம் அதுதான். கதைக்குள் இருக்கும் பேப்பரையே நம்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அன்று விடிய விடிய அவள் ஊர்க்கோடி வீட்டில் ஒரு பிரசவம் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று அந்தத் தாய் கெஞ்சினாள். அதனால்தான் கோர்ட்டில் வாய் திறக்கவில்லை. இதைப் படித்த பிறகுமா அவளைச் சந்தேகப்பட்டீர்கள்? சாட்சி சொன்ன கொழுந்தனோ குடிகாரன். அவன் பேச்சை யார் நம்புவார்கள்?

அந்தப் பிரசவம் முடிந்ததும் ஆசிரியர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு நேரே ஜெயிலுக்குப் போகிறாரே, அந்த மௌனம் எனக்கு அவ்வளவு பிடித்தது. பெரிய எழுத்தாளர்களால்தான் அப்படி விட முடியும்.

வேல்விழி

முகாம்,
13.4.2003

அன்புள்ள வேல்விழிக்கு,

புது வருட வாழ்த்து. நாளை இங்கே பாயசம். எழுபது பேருக்கு நான் ஒருவனே கிண்ட வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றி எழுதாதது, எழுதினால் மாமா பார்த்துவிடுவார் என்ற பயம்தான். வேறு அர்த்தம் இல்லை.

இனி வழக்கு. கொழுந்தன் குடிகாரன், அதனால் அவன் சாட்சி பொய் என்கிறாய். ஆளைத் திட்டினால் வாதம் தோற்றுப்போகுமா? இதற்கும் உன் பாடத்தில் பெயர் இருக்குமே. குடிகாரன் கண்ணிலும் நெருப்பு நெருப்பாகத்தான் தெரியும். கொள்ளிக்கட்டை பத்திரிகை சொன்னதல்ல. ‘அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு மருதாயி படப்பு ஓரமாக நடந்தாள்’ என்று என் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. நீ சொல்லும் பிரசவம்தான் எதிலும் இல்லை. இரண்டு தரம் தேடிவிட்டேன். பரீட்சைக்குப் படித்த அசதியில் கனவு கண்டாயா?

அம்மா மாலைப் பேப்பர் செய்தியை வெட்டி அனுப்பியிருந்தார்கள். மாமா அரட்டை அடித்தது உண்மையாகத்தான் இருக்கும், அவர் சும்மா வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அரட்டையால் வேன் சாயுமா என்பது வேறு கேள்வி.

செழியன்

ஆமத்தூர்,
4.5.2003

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். வெயில் மட்டும் தாங்கவில்லை. முதலில் சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அச்சகத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டு நல்ல பிரதியை வாங்கி, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் படித்தேன். கொள்ளியும் இருக்கிறது, பிரசவமும் இருக்கிறது. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பை நாங்கள் பாரம் என்போம். மேசையைச் சுற்றி நடந்து வரிசையாக ஒவ்வொரு பாரமாக எடுத்து அடுக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் ஒன்றைத் தாண்டிவிட்டால் புத்தகத்தில் அந்தப் பதினாறு பக்கம் இருக்காது. பக்க எண்ணும் வெட்டுப்பட்டுப் போனதால் நம் இருவருக்கும் தெரியவில்லை. உங்கள் புத்தகத்தில் ஒன்பதாவது பாரம் இல்லை. என்னுடையதில் பத்தாவது இல்லை. அந்த வாரம் பைண்டிங்கில் எல்லாரும் எதைப் பேசிக்கொண்டிருந்தோம் தெரியுமா? நம் வேன் சாய்ந்த கதையைத்தான்.

நீங்கள் ஆசிரியர் தூங்கிவிட்டார் என்றீர்கள். நான் பெரிய எழுத்தாளரின் மௌனம் என்றேன். இரண்டும் எங்களோடு பாரம் அடுக்கும் ராக்காயி அக்கா தாண்டிப்போன பாரம். உங்கள் மார்க்கை அறுபதாக உயர்த்தியிருக்கிறேன். எனக்கும் அறுபதுதான்.

முழுதாகப் படித்தால் கதை இதுதான். அந்த இரவைக் கோர்ட் காட்சிக்கு நடுவே ஆசிரியர் மறுபடி திரும்பிச் சொல்கிறார், பிரசவத்துக்குப் போகும் வழியில் வெளிச்சத்துக்காகத்தான் கொள்ளியை எடுத்துப் போகிறாள். படப்பு எரிந்தது எப்படி என்று கடைசிவரை ஆசிரியர் சொல்லவில்லை. நாம்தான் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் வேன் செய்தியிலும் ஏதாவது பாரம் விட்டுப்போயிருக்குமா? அன்று வேனில் இருந்த ராக்காயி அக்காவின் தங்கையிடம் கேட்டேன். குழாய் பதிக்க ரோட்டில் பாதியைத் தோண்டி மண்ணைக் குவித்து வைத்திருந்தார்களாம். பலகையும் இல்லை, விளக்கும் இல்லை. பனியில் கடைசி நிமிடம்தான் தெரிந்தது, உங்கள் அண்ணன் ஒடித்துத் திருப்பியதால்தான் எல்லாரும் பிழைத்தார்களாம். காலைப் பேப்பரிலும் குழி இல்லை, மாலைப் பேப்பரிலும் குழி இல்லை.

ஓடிப்போய் அய்யாவிடம் சொன்னேன். “குழி இருந்துச்சு, எனக்குந்தான் தெரியும். அரட்டைன்னு போட்டவன் வந்து இல்லைன்னு போடுவானா?” என்றார். அத்தையிடம் சொன்னேன். “அதை ஒங்க அய்யாவை வந்து சொல்லச் சொல்லு” என்றார்கள். உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் சண்டை தீரும் என்று நினைத்தேன். என் பாடத்தில் இதற்குப் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மிக்சரும் காபியும் கொடுத்தோம்.

வேல்விழி

முகாம்,
29.6.2003

வேல்விழிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, வேலை அதிகம்.

பாரம் விட்டுப்போனது நல்ல வேடிக்கை. நாவலைப் பற்றி இனி எழுத ஒன்றும் இல்லை.

காரியாபட்டிக்காரர்களுக்கு மிக்சர் பிடித்ததா?

செழியன்

ஆமத்தூர்,
13.7.2003

மச்சானுக்கு,

எல்லாரும் நலம். என் நலத்தைத் தவிர.

எட்டு வாரம் கழித்து எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதை மிக்சருக்குள் ஒளித்து வைத்துக் கேட்கிறீர்கள். பிடித்தது, மச்சான். மிக்சரும் பிடித்தது, என்னையும் பிடித்துவிட்டது. பையனுக்கு அங்கே உரக்கடை இருக்கிறது. ஆவணியில் உறுதி செய்ய வருகிறார்கள். பரீட்சை முடியட்டும் என்று சொல்லித் தள்ளிப் பார்த்தேன், பரீட்சையும் முடிந்துவிட்டது.

நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு உங்களைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அய்யா இதைப் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வேல்விழி

முகாம்,
27.7.2003

என் வேல்விழிக்கு,

எனக்கும் அதேதான். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி மூச்சு விடலாம்.

காரியாபட்டி என்று படித்ததும் எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. உரக்கடை வைத்திருப்பவன் பக்கத்திலேயே இருப்பான், நான் வருடத்துக்கு இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பேன், அவள் நல்லா இருக்கட்டும் என்று எனக்கு நானே பெரிய மனிதன் வேஷம் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

இங்கே ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் ஆட்கள் படகில் போய் ஜனங்களைக் கொண்டுவருகிறார்கள். நான் பள்ளிக்கூட மைதானத்தில் அண்டா வைத்து அவர்களுக்குக் கிச்சடி கிண்டுகிறேன். கை ஓய்ந்ததும் மாமாவுக்கு நேராகவே எழுதிப் பெண் கேட்கிறேன். திட்டினால் திட்டட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அழாதே.

உன் செழியன்

ஆமத்தூர்,
17.8.2003

என் அன்பு மச்சானுக்கு,

சுகம், சுகம், இங்கே எல்லாரும் சுகம். அய்யாவின் முழங்கால் உட்பட. எப்படி என்று கேளுங்கள்.

போன வியாழக்கிழமை காலைப் பேப்பரில் ஒரு படம். ‘வெள்ளத்தில் தத்தளித்தோரை உயிரைப் பணயம் வைத்து மீட்ட தமிழக வீரர்கள்’ என்று தலைப்பு. படகில் நாலைந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் முகம்கூடத் தெரியவில்லை. அய்யா டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, “இந்தா நடுவுல நிக்கது எங்க செழியன். காதைப் பாருங்க. காது குத்தும்போது எம் மடியிலதான உக்காந்திருந்தான், எனக்குத் தெரியாதா?” என்றிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றிருக்கிறார்கள். ஒருவர் முழங்கையையும் அடையாளம் சொன்னாராம்.

அங்கிருந்து எழுந்து அய்யா நேராக அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றவர் இரண்டு தோசை சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து, “உசிரைக் குடுத்து ஊர்ச்சனத்தைக் காப்பாத்துறவன் இருக்கையில நம்ம எதுக்கு உரக்கடையைத் தேடிப் போகணும்?” என்றார். காரியாபட்டிக்கு ஆள் சொல்லி அனுப்பியாகிவிட்டது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டதும் கல்யாணம் வைக்கலாம் என்று அத்தையும் அய்யாவும் பேசியிருக்கிறார்கள்.

மச்சான், இதில் எத்தனை பிழை என்று எனக்குத் தெரியும். வீரர்கள் போனார்கள், செழியனும் வீரன், அதனால் செழியன் போனான். கூட்டம் ஒத்துக்கொண்டது, அதனால் உண்மை. என் பாடத்தில் பாதி இந்த ஒரு பேப்பரில் இருக்கிறது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், அண்டாவையும் கிச்சடியையும் பற்றி இப்போது யாருக்கும் எழுத வேண்டாம். தாலி ஏறும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

உங்கள் வேல்விழி

முகாம்,
31.8.2003

என் வேல்விழிக்கு,

நலம். தண்ணீர் வடிந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்டாவைக் கழுவும்போது பாட்டுக்கூட வந்தது. அப்புறம் மனசு அறுக்கத் தொடங்கிவிட்டது.

மருதாயி பேசாமல் நின்றாள் என்று அவளுக்குத் தீர்ப்பு எழுதியவன் நான். அவளாவது இன்னொருத்தி மானத்துக்காகப் பேசாமல் இருந்தாள். நான் எதற்காக இருக்க? படகில் போனவர்களில் ஒரு பையன் பாம்பு கடித்துப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் முதுகை என் முதுகென்று சொல்லிப் பெண் எடுத்தால் நாளைக்கு மாமா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கிச்சடி கிண்டியதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பசியோடு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

மாமாவுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் உள்ளபடி எழுதி, அதற்குக் கீழே பெண்ணும் கேட்டிருக்கிறேன். நீயே படித்துக்காட்டு. கோபப்படாதே. காரியாபட்டிக்கு மறுபடி ஆள் போகாமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் செழியன்

ஆமத்தூர்,
14.9.2003

என் அன்பு மச்சானுக்கு,

உங்கள் சாமிகள் நலமா? அவ்வளவு பேரையும் தொந்தரவு செய்திருக்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் அய்யாவை உட்காரவைத்துப் படித்துக்காட்டினேன். கிச்சடி வந்த இடத்தில், “திருப்பி வாசி” என்றார். வாசித்தேன். சிரித்தார்.

“ஏத்தா, மடியில வச்சிருந்தவனுக்குக் காது தெரியாமப் போகுமா? அது அவன் காது இல்ல. அவன் கரண்டி பிடிக்கான்னு ஊருக்கே தெரியும். பேப்பரைப் பாத்ததுமே தெரியும் எனக்கு.”

பிறகு எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “தங்கச்சி வாசப்படி ஏற எனக்கு ஒரு சாக்கு வேணும்லத்தா. நீ குழியைக் கண்டுபிடிச்சு வந்து சொன்னே. அதை ஒத்துக்கிட்டா இம்புட்டு மாசமும் அண்ணனும் தங்கச்சியும் சும்மா சண்டை போட்டம்னு ஆயிரும். இதுன்னா பெருமையா உள்ள போகலாம்.” உங்கள் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பய நெசத்தைச் சொல்லிட்டுப் பொண்ணு கேக்கான். இவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க? ஆனா இதை ஒங்க அத்தை சோலையம்மாட்டச் சொல்லிராத. பாவம், படத்துல நிக்கது தன் மகன்னே நம்பிக்கிட்டு இருக்கா” என்றார்.

நான் கேட்பேனா? சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போய், படத்தில் இருப்பது நீங்கள் இல்லை என்று மெல்ல ஆரம்பித்தேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்கள்.

“பெத்தவளுக்குத் தெரியாதா? எங்க அண்ணன் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்காரு. இந்தா ஒம் மகன்னாரு. ஆமாண்ணே, அவனேதான், உள்ள வாங்கன்னேன்.”

உங்கள்
வேல்விழி